மணிநாவைக் கட்டிய தேர்

வண்டிகளே இல்லாத ஊரில் பத்து நாள் இருக்க வேண்டும். எங்கள் விடுமுறைத் திட்டம் இவ்வளவுதான். கடலோ மலையோ, கோயிலோ அருவியோ எங்கள் பட்டியலில் முதலில் வரவில்லை. காலையில் கண் விழிக்கும்போது ஒலிப்பான் ஓசை காதில் விழக்கூடாது. தெருவில் இறங்கி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கக் கூடாது.

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை திருவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது. கேரளத்துக்குப் போகும் சரக்கு லாரிகள் இரவிலும் ஓய்வதில்லை. எங்கள் வீடு ராஜபாளையத்தில் அந்தச் சாலைக்குப் பக்கத்தில். எங்களில் ஒருவர் தமிழ் கற்பிக்கும் கல்லூரி திருவில்லிபுத்தூர்ப் பக்கத்தில். இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள அந்தச் சில கிலோமீட்டர் தூரத்தை இருபது ஆண்டுகளாகப் பேருந்தில் கடந்துவருகிறோம். மேற்கே மலைத்தொடர் நீலமாக நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்ப்பதற்கு முன் நடுவில் ஒரு டாங்கர் லாரி வந்துவிடும்.

இந்தத் தேடலில் முதலில் கண்ணில் பட்டது கரீபியக் கடலில் உள்ள ஒரு சிறு தீவு. நிகராகுவா நாட்டுக்குச் சொந்தமான லிட்டில் கார்ன் தீவு. ஏறத்தாழ மூன்று சதுர கிலோமீட்டர் பரப்பு. கார் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை. படகிலிருந்து இறங்கும் பயணியின் பெட்டியை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போகிறார்கள். தலைநகர் மனாகுவாவிலிருந்து சிறிய விமானத்தில் பெரிய கார்ன் தீவுக்குப் போய், அங்கிருந்து அலைகளின் மேல் குதித்துச் செல்லும் படகில் ஏற வேண்டும். ராஜபாளையத்திலிருந்து மனாகுவாவரை போவதற்கு எத்தனை விமானங்கள் மாற வேண்டும் என்று எண்ணிப் பார்த்தோம். பிறகு எங்கள் இருவரின் சம்பளத்தையும் எண்ணிப் பார்த்தோம். இரண்டாவது எண்ணிக்கை விரைவில் முடிந்துவிட்டது. அமைதியைத் தேடிப் புறப்படுகிறவர்கள் உலகத்திலேயே அதிக இரைச்சல் எழுப்பும் வாகனத்தில் பல முறை ஏறி இறங்க வேண்டும் என்ற முரண்பாடு எங்களுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

நண்பர் ஒருவர் நெடுந்தீவைச் சொன்னார். யாழ்ப்பாணத்தின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், பெருக்க மரம், திரிந்து மேயும் காட்டுக் குதிரைகள், தமிழ் பேசும் மக்கள். ஆனால் அங்கும் உழவு இயந்திரமும் ஆட்டோவும் ஓடுகின்றன. அம்மாவை நினைத்தும் தயங்கினோம். எழுபத்திரண்டு வயது, முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆடுகிற படகில் கால் வைத்து ஏறுவது அவரால் ஆகாது.

உள்ளூரிலேயே வண்டி ஏறாத மலை இருக்கிறதே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வத்திராயிருப்புக்கு அருகே தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து சதுரகிரிக்குக் கால்நடையாகத்தான் ஏற வேண்டும். ஆனால் அது வழிபாட்டுக்கான ஏற்றம். 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள், வனத்துறையின் அனுமதிக்கு உட்பட்ட பயணம். சாய்வு நாற்காலியில் புத்தகம் விரித்து உட்காரும் இடம் அன்று. புலியும் சாம்பல் நிற அணிலும் ஓய்வெடுக்க வேண்டிய இடம். அவற்றின் விடுமுறையில் நாம் குறுக்கிடுவது முறையாகாது.

இப்படித் தேடித் தேடி மாதேரானுக்கு வந்து சேர்ந்தோம்.

மராட்டிய மாநிலத்தின் ராய்கட் மாவட்டத்தில், மும்பைக்கு அருகே, ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர் அது. 1850இல் தாணே கலெக்டராக இருந்த ஹியூ மாலெட் என்ற ஆங்கிலேயர் ஏறிப் பார்த்த பிறகு வெள்ளையரின் கோடை வாசத்தலமாயிற்று. ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் அமைத்த குறுகிய இருப்புப்பாதை 1907இல் திறக்கப்பட்டது. நேரல் என்னும் அடிவார நிலையத்திலிருந்து 21 கிலோமீட்டர் வளைந்து வளைந்து மேலேறும் அந்தச் சிறு ரயில் இன்றும் ஓடுகிறது. 2005 வெள்ளத்திலும் 2019 மழையிலும் பாதை அரிக்கப்பட்டு நின்றுபோய், 2022 அக்டோபரில் மறுபடி ஓடத் தொடங்கியது. மலையின் மேல் செம்மண் பாதைகள்தாம். கார்கள் தஸ்தூரி என்னும் எல்லையோடு நின்றுவிட வேண்டும். அதற்கு அப்பால் நோயாளி ஊர்தி போன்ற அவசர வண்டிகளுக்கு மட்டுமே இடம். 2003இல் நடுவணரசு அந்தப் பகுதியைச் சூழல் கூருணர்வு மண்டலமாக அறிவித்தது. சுற்றிலும் கடல் இல்லையே தவிர, மற்றபடி அதுவும் ஒரு தீவுதான்.

இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் மேற்கொண்டு படித்தபோதுதான் ஒரு கேள்வி எழுந்தது. கார் இல்லாத ஊரில் சமையல் எரிவாயு உருளை எப்படி வீடு சேருகிறது? அரிசி மூட்டை? விடுதிக்கு வேண்டிய காய்கறி? நடக்க முடியாத முதியவர்? விடை எளிது. குதிரை சுமக்கிறது, இல்லையேல் மனிதன் சுமக்கிறான், மனிதன் இழுக்கிறான். தஸ்தூரியிலிருந்து ஊருக்குள் பயணிகளை ஏற்றிச் செல்லக் கை ரிக்‌ஷாக்கள் இருந்தன. மேடான மண் பாதையில் ஒருவர் முன்னால் இழுக்க, வேறு சிலர் பின்னாலிருந்து தள்ள, நடுவில் ஒருவர் அமர்ந்திருக்கும் படங்களைப் பார்த்தோம்.

அம்மாவின் முழங்காலுக்கு இது வழி என்று எங்களில் ஒருவர் சொன்னார். படத்தை அம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“ஏம்ப்பா, ஒரு மனுசன் இழுக்க நான் மேல உக்காந்து வரணுமா? எங்கய்யா கைவண்டி இழுத்தவருப்பா.”

எங்களுக்கு அது தெரியாத செய்தி அன்று. ஆனால் வீட்டில் அதிகம் பேசப்படாத செய்தி. அம்மாவின் தந்தை ராஜபாளையத்தில் பருத்திப் பொதிகளைப் பாரவண்டியில் ஏற்றி ஆலைக்கு இழுத்துச் சென்றவர். 1936இல் தொடங்கிய முதல் பஞ்சாலையைத் தொடர்ந்து ஊரில் ஆலைகள் பெருகின. நூலும் துணியும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தன. பொதிகள் தாமாக நடந்து ஆலைக்குள் போகவில்லை. தாத்தாவின் மார்பில் குறுக்காக ஒரு கறுத்த தடம் இருந்ததாம். இழுவைப் பட்டை அழுத்திய தடம். திருவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் மேல்துண்டால் அதை மூடிக்கொண்டுதான் உட்காருவாராம். சம்பந்தி வீட்டில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

“ஆனால் அம்மா, நாம் ஏறாவிட்டால் அவருக்கு அன்றைய கூலி போய்விடுமே” என்றோம். இந்த வாதம் நல்லவர்கள் எல்லோரும் சொல்லும் வாதம். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

“கூலி குடுக்கணும்னா குடு. இழுக்க வச்சுத்தான் குடுக்கணுமா?”

தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷா 1973இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது ஒழிக்கப்பட்டது. இழுத்தவர்களுக்கு மிதி ரிக்‌ஷாக்கள் வழங்கப்பட்டன. அதற்குப் பிறகு பிறந்த தலைமுறையினராகிய எங்களுக்கு அது பாடப்புத்தகச் செய்தி. மாதேரானிலோ அடுத்த அரை நூற்றாண்டும் அது நடைமுறையாகவே இருந்திருக்கிறது. சூழல் காப்பு என்னும் நல்ல நோக்கத்துக்காக எந்திரம் விலக்கப்பட்டது. எந்திரத்தின் வேலை மட்டும் விலகவில்லை. அது ஒரு சிலரின் தோளுக்கு மாற்றப்பட்டது. பயணிக்குக் கிடைத்த அமைதியை விடுதிகள் விலைக்கு விற்றன. இழுத்தவருக்குக் கிடைத்தது மூச்சு வாங்கும் ஓசை.

இதில் எங்களைச் சிந்திக்க வைத்தது ஒன்று உண்டு. கை ரிக்‌ஷாவை நிறுத்த வேண்டும் என்று நீதிமன்றத்தை நாடியவர்களில் அதை இழுத்தவர்களே முன்னின்றார்கள். மின்கலத்தால் ஓடும் ரிக்‌ஷாவை ஓட்ட அனுமதி கேட்டார்கள். குதிரைக்காரர்கள் எதிர்த்தார்கள், அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. மின் ரிக்‌ஷாவை விட்டால் நாளை டாக்சி வரும், கட்டடம் வரும், காடு போகும் என்று அஞ்சியவர்களும் எதிர்த்தார்கள். நம் மலையூர்களைப் பார்த்தவர்கள் அந்த அச்சத்தை வெற்று அச்சம் என்று தள்ளிவிட முடியாது. 2022 டிசம்பரில் சோதனை முறையில் சில மின் ரிக்‌ஷாக்கள் ஓடத் தொடங்கின. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மனிதரை மனிதர் இழுக்கும் வழக்கம் மனித மாண்புக்கு எதிரானது என்று கூறி, ஆறு மாதங்களுக்குள் அதை முடிவுக்குக் கொண்டுவரவும் இழுத்தவர்களுக்கு மறுவாழ்வு அளிக்கவும் மராட்டிய அரசுக்கு ஆணையிட்டது.

எங்களுக்குள் விவாதம் அதோடு தீரவில்லை. மின் ரிக்‌ஷாவும் வண்டிதானே? வண்டியில்லா ஊரைத் தேடிப் போகிறவர்கள் அங்கே வண்டியை வரவேற்கலாமா? இரண்டு மூன்று மாலைகள் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர், குறிஞ்சிக்கும் முல்லைக்கும் பாடம் நடத்திப் பழகிய வாயால், அகநானூற்றின் நான்காம் பாடலை நினைவூட்டினார். குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப் பாட்டு அது. கார்காலத்தில் தலைவன் வினை முடித்துத் தேரில் திரும்பி வருகிறான். பூத்த சோலையில் தேனுண்ணும் வண்டுகள் துணையோடு தங்கியிருக்கின்றன. தேர்மணியின் ஒலி கேட்டு அவை கலங்கிப் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் பாரியைக் கேட்பார்கள். முல்லைக் கொடிக்குத் தேரையே கொடுத்தவன் பெரியவனா, மணியை மட்டும் கட்டியவன் பெரியவனா? பாரி வள்ளல், தேரை விட்டுவிட்டுப் பறம்பு மலைக்கு நடந்தே போயிருப்பான். கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு அது இயலும். குறுங்குடி மருதனாரின் தலைவனுக்கோ போய்ச் சேர வேண்டிய இடம் இருக்கிறது. அங்கே ஒருத்தி காத்திருக்கிறாள். அவன் தேரை விடவில்லை, சோலையையும் கலைக்கவில்லை. வண்டு இருக்கும் இடத்தில் வண்டி எப்படிப் போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விதியை எந்தச் சூழல் சட்டமும் எழுதிவிடவில்லை. எண்ணிக்கைக்கு வரம்பு, வேகத்துக்கு வரம்பு, ஓசைக்கு வரம்பு, இழுத்தவர்க்கே ஓட்டும் உரிமை. இந்த நான்கும் உறுதியானால், மாதேரானின் செம்மண்ணில் ஓடும் சிறு மின்வண்டியை மணிநா கட்டிய தேர் என்று ஏற்றுக்கொள்ளலாம்.

திருவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது புதிதும் அன்று. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ரத வீதிகளில் ஒரு வண்டி நுழைய முடியாது. அன்றைக்குத்தான் அந்தத் தெருக்கள் இவ்வளவு அகலமா என்று தோன்றும். பெருந்தேரை ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பார்கள். மனிதர் இழுக்கும் தேர்தான். ஆனால் வடத்தைத் தொட விரும்பியவர்கள் தொடுகிறார்கள், கை வலித்தால் விட்டுவிடுகிறார்கள். மருத்துவரும் இழுக்கலாம், மாவட்டத்துப் பெரிய மனிதரும் இழுக்கலாம். தாத்தாவும் இழுத்திருக்கிறார்; அந்த இழுப்புக்கு மட்டும் துண்டைப் போர்த்திக்கொள்ள வேண்டியிருக்கவில்லை என்று அம்மா சொன்னார்.

ஆகவே திட்டம் இப்போது இப்படி அமைந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த மலையில் பேய்மழை. நேரலிலிருந்து ஏறும் ரயிலும் மழைக்காலத்தில் நிற்கும். எனவே பருவத்தேர்வு முடிந்த பிறகு, டிசம்பரில் பயணம். மதுரையில் மும்பை ரயில் ஏறிக் கல்யாணில் இறங்குவோம். அங்கிருந்து கர்ஜத் செல்லும் புறநகர் ரயிலில் நேரல். அன்றிரவு அடிவாரத்தில் தங்கி, மறுநாள் காலை சிறு ரயில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவசரம் ஒன்றுமில்லை. ரயில் மேலே கடைத்தெருவிலேயே கொண்டுபோய் விடும் என்பதால் நிலையத்துக்கு அருகிலேயே அறை பார்க்கிறோம். பள்ளத்தாக்கைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. அம்மாவால் தன் காலால் நடந்து போய்த் தேநீர் குடிக்க முடிகிற தொலைவில் இருந்தால் போதும். முடியாத நாளில் மின் ரிக்‌ஷா. ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுப்பேன் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். மராத்தி தெரியாதே என்றோம். தோளைத் தொட்டுக் காட்டினால் புரியாதா என்றார்.

மூட்டை முடிச்சுகளைப் பற்றியும் ஒரு விதி வகுத்திருக்கிறோம். அவரவர் பையை அவரவரே தூக்க வேண்டும். தூக்க முடியாதது வீட்டிலேயே இருக்கட்டும். எங்களுடைய புத்தகங்கள் பன்னிரண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தன. கம்பளி ஒன்று போதும் என்று முடிவாயிற்று. அம்மாவின் பையிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை. இரண்டு சேலை, மாத்திரைகள், ஒரு கிலோ திருவில்லிபுத்தூர் பால்கோவா. அதில் பாதியைக் குறைக்கலாமே என்றோம். ஊர் பேர் தெரியாதவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று மறுத்துவிட்டார்.