முழங்கால் உயரத்தில் ஒரு துவக்கு

விடுதியில் ராத்திரி நாங்க பார்க்கிற வீடியோக்களில் ஒரு வகை இருக்கு. ஏதோ ஒரு பெரிய மலை, 800 மீற்றர் தள்ளி மேயும் மான், தூரநோக்கி பூட்டின துவக்கு. சுடுறவர் முதலில் சொல்வது ஒரு எண்: அந்தத் தூரம் போனபிறகும் குண்டில் மிஞ்சியிருக்கும் சக்தி. மானுக்கு 1,000 அடி-இறாத்தல் போதும் என்பது வேட்டைக்காரர்களின் பழைய கைக்கணக்கு. ஏறக்குறைய 1,350 ஜூல்.

நாங்க கலைப்பீடம்தான். ஆனா சாதாரண தரத்து விஞ்ஞானம் முழுசா மறக்கல்ல. குண்டின் நிறை இரண்டு மடங்கானால் சக்தியும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. அதேமாதிரி காற்று தடுத்து வேகம் பாதியாகும்போது சக்தி கால்வாசியாகிடும். இந்த இழப்பையெல்லாம் கணக்குப் பார்க்கிறாங்க, சரி. 800 மீற்றர் போக குண்டுக்கு ஒரு செக்கனுக்கு மேல எடுக்குமே? அதுக்குள்ள மான் ஒரு அடி எடுத்து வைத்தால், நெஞ்சுக்குக் குறிவைத்தது வயிற்றில் படும். எண் அப்படியேதான் இருக்கும். மான் மட்டும் காட்டுக்குள்ள போய் நாள் கணக்கில் கிடந்து சாகும்.

எங்க மலைநாட்டுக்கு இந்தக் கணக்கு புதுசில்ல. 1848இல் நுவரெலியாவில் குடியேறின சாமுவேல் பேக்கர் தொரையிடம் 21 இறாத்தல் எடையில் ஒரு துவக்கு இருந்தது. அதன் குண்டு 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். அவ்வளவு பெரிய ஆயுதம் கையில் இருந்தும், யானையைக் கிட்ட நெருங்கி நெற்றியில் சுடத்தான் அவர் விரும்பினார். பிறகு ஆபிரிக்காவில் பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் வெறும் 11 கிராம் குண்டால் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றார். பேக்கரின் குண்டில் பத்தில் ஒரு பங்கு! பெல் செய்தது என்னவென்றால், செத்த யானையின் மண்டையோட்டை வாளால் அறுத்து, மூளை எங்கே இருக்குதென்று படித்தார். கொலைக்காகப் படித்த படிப்பு. அதைப் புகழ எங்களுக்கு மனசில்ல. ஆனா குண்டு படுகிற இடம்தான் முதல், சக்தி அதுக்குப் பிறகுதான் என்பதை அவரளவுக்குக் காட்டினவர் யாருமில்ல.

இடம் தப்பினால் என்ன நடக்கும் என்று பார்க்க ஆபிரிக்கா போகத் தேவையில்ல. கேகாலையிலிருந்து றம்புக்கனை போற வழியில், 1975இல் தொடங்கின பின்னவல யானைகள் சரணாலயம் இருக்கு. அங்கே ராஜா என்ற கொம்பன் யானை துவக்குச் சூட்டால் கண் தெரியாமல் போனது. தோட்டத்தைக் காக்க தூரத்திலிருந்து சுடும் சின்னச் சன்னங்கள் யானையைக் கொல்றதில்ல. தோலுக்குள்ள புகுந்து, சீழ் பிடித்து, மெதுவா கொல்லும்.

இதுக்கெல்லாம் நேர் எதிரானது கட்டுத்துவக்கு. தூரமே இல்ல, ஒரு மீற்றர், இரண்டு மீற்றர். காற்று எடுத்துக்கொள்ள நேரமில்ல. குழாயிலிருந்து புறப்பட்ட சக்தி அப்படியே உடம்பில் இறங்கும். ஒரு இரும்புக் குழாய், வெடிமருந்து, ஈயத்துண்டு, பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி. சட்டப்படி தடை, ஆனா காட்டுப்பன்றிக்கென்று இன்னும் கட்டுறாங்க. பன்றியின் நெஞ்சுக்குத்தான் குழாயை நீட்டி வைப்பாங்க. அந்த உயரம் மனுசனுக்கு முழங்கால்.

குறி அங்கே முன்கூட்டியே வைத்தாச்சு. கம்பியைத் தட்டுறது பன்றியா பால்வெட்டப் போற ஆளா என்று பார்க்க, துவக்குக்குப் பின்னால யாருமில்ல. 800 மீற்றரில் சுடுறவராவது கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எங்க லயத்து மாமா ஒருத்தருக்கு விடியக்காலை ஐந்தரைக்கு, றப்பர் மலைக்கு ஏறும் குறுக்குப் பாதையில் இடது கால் போனது. கட்டினது யார் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பொலிசில் சொல்ல ஒருத்தரும் போகல்ல. இப்ப அந்தப் பாதையில் முன்னுக்குப் போறவங்க கையில் நீளத் தடி ஒன்று இருக்கும். முழங்கால் உயரத்தில் அதை நீட்டித் தட்டித் தட்டித்தான் நடக்கிறாங்க.