அஞ்சறைப் பெட்டியும் கம்ப்யூட்டரும்

எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழையக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். காரணம் இல்லாமல் இல்லை. அம்மாவைப் பெற்ற தாத்தா, சீட்டாடியே இரண்டு ஏக்கர் நஞ்சையைத் தொலைத்த புண்ணியவான். அப்படிப்பட்ட வீட்டுக்குள் 2001-ம் வருஷம் 52 சீட்டுகளும் ஒரு பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு வந்து சேர்ந்தன.

அந்த வருஷந்தான் அப்பா பாங்கு வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றார். கிடைத்த பணத்தில் பெரும் பகுதியைத் தங்கையின் பெயரில் போட்டுவிட்டு, மிச்சத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அம்மாவும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆனால், மௌஸ் அம்மாவுக்கு வசப்படவில்லை. அம்மிக் குழவியைப் பிடித்துப் பழகிய கை அதைப் பிடித்ததும், திரையிலுள்ள அம்பு ஒரு மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

அப்பா ஒரு யுக்தி செய்தார். 'சாலிடேர்' ஆட்டத்தைத் திறந்து வைத்தார்.

"சீட்டா? இந்த வீட்டிலா?" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

"சீட்டு இல்லை, பயிற்சி!" என்றார் அப்பா.

அது முழுப் பொய்யல்ல. 1990-ல் விண்டோஸ் 3.0 உடன் வெளிவந்த ஆட்டம் அது. அதை எழுதிய வெஸ் செர்ரி, மைக்ரோஸாப்டில் பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர். அதற்காக அவருக்கு ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. மௌஸைத் தொட்டறியாத ஜனங்களுக்கு, ஒன்றைப் பிடித்து இழுத்து வேறோர் இடத்தில் விடுகிற வித்தையை அந்த ஆட்டம் விளையாட்டாகவே பழக்கிவிட்டது. 2019-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள விளையாட்டு அருங்காட்சியகம், வீடியோ விளையாட்டுகளின் கீர்த்தி மண்டபத்தில் அதற்கு ஓர் ஆசனம் அளித்தது.

அம்மா மூன்று நாள் ஆடினாள். மௌஸ் சொன்னபடி கேட்டது. "பயிற்சி முடிந்தது, இனி அந்தக் கண்றாவி வேண்டாம்" என்று மூடிவிட்டாள். பிறகு தமிழில் டைப் செய்யப் பழகி, தன் சமையல் குறிப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினாள்.

அம்மா போய் ஐந்து வருஷங்கள் ஆகின்றன. சென்ற மாதம் தங்கை டெலிபோனில் அழைத்தாள். அவளுக்கு இது எட்டாவது மாதம்.

"அண்ணா, கடையில் லேகியம் விற்கிறார்கள். ஆனால் எனக்கு அம்மாவுடைய பிரசவ லேகியந்தான் வேண்டும்" என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

பரணிலிருந்து பழைய குறுந்தகட்டைத் தேடி எடுத்தேன். லேகியத்தின் பெயரில் ஒரு கோப்பு இருந்தது. ஆவலோடு திறந்தால், தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்! நடுநடுவே எண்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன: 100, 50, 25. கடைசி வரியில் தனியாக ஒரு 2. அளவெல்லாம் தெரிகிறது, எதற்கு அளவு என்பதுதான் தெரியவில்லை!

"அந்த இரண்டு, இரண்டு கரண்டி நெய்யாக இருக்கும்" என்றாள் என் மனைவி.

இந்த விபரீதத்துக்குக் காரணம் என்னவென்று கேட்கிறீர்களா? கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். அந்தக் காலத்தில் எழுத்துகளுக்கு இருந்தவை 256 அறைகள். முதல் பாதியில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் குடியேறிவிட்டன. மீதி 128 அறைகளில் தமிழை அவரவர் தமக்குத் தோன்றிய வரிசையில் வைத்தார்கள். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருக்கும் அறையில், அடுத்த வீட்டில் சீரகம் இருக்கும் அல்லவா? அந்தக் கதைதான். எந்த எழுத்துருவில் எழுதினோமோ அது இல்லாவிட்டால், கடுகு தாளிக்கப் போய்ச் சீரகம் விழும். எண்கள் மட்டும் எல்லார் வீட்டிலும் ஒரே அறையில் இருந்தபடியால் பிழைத்துக்கொண்டன.

1999-ல் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாடு இந்தக் குழப்பத்துக்கு ஒழுங்கு தேடியது. யூனிகோடு என்ற உலகப் பொது ஏற்பாட்டில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. தமிழ்நாடு அரசு 2010-ல் அதை ஏற்றது. அதன்படி, 'அ' என்றால் உலகம் முழுவதும் 2949-ம் எண்தான். ஆனால் அம்மா எழுதியதோ பழைய அஞ்சறைப் பெட்டியில்!

பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக்கும் கருவிகளைத் தமிழன்பர்கள் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன். ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தேன். கொம்பும் வாலும் இடம் மாறின. இன்னொன்று, அரைகுறைத் தமிழ். மூன்றாவதை அழுத்தியதும் திரை முழுவதும் அம்மா பேசினாள்.

சுக்கு, மிளகு, கண்டந்திப்பிலி, ஓமம், சித்தரத்தை... "சின்னவளுக்குக் காரம் ஆகாது, வெல்லம் கொஞ்சம் கூடப் போடவும்" என்று ஒரு குறிப்பு. அப்போது சின்னவளுக்கு வயது ஒன்பது!

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிக்கு வந்தேன். நெய்யைக் காணோம். அங்கே இருந்தது இதுதான்:

"இன்று 2 தடவை ஜெயித்தேன். அவரிடம் சொல்லவில்லை."

காலையில் அப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சிரித்தார்.

"எனக்குத் தெரியும். சாயங்காலம் நான் வந்து தொட்டுப் பார்த்தால் பெட்டி சுடும். நானும் அவளிடம் சொல்லவில்லை."

லேகியம் கிளறியாகிவிட்டது, வெல்லம் கொஞ்சம் கூடத்தான் போட்டோம். உங்கள் வீட்டிலும் பழைய தகட்டில், பழைய எழுத்தில் ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால், இன்றே எழுப்பிவிடுங்கள். எண்ணை மட்டும் பார்த்து நெய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்!