குறைந்த வலிமையில் நிறைந்த இன்பம்

வலிமை மிகுந்ததையே நாடுவது மனித மனத்தின் இயல்பு. விளையாட்டும் இதற்கு விலக்கன்று. கணினித் திரையில் போர் விமானங்களை ஓட்டும் விளையாட்டுகள் இன்று பல உள்ளன. 2001-ஆம் ஆண்டு மாஸ்கோ நிறுவனம் ஒன்று வெளியிட்ட ‘இல்-2 ஸ்டுர்மோவிக்’ அவற்றுள் புகழ்பெற்றது. இணையத்தின் வழியே பல நாட்டினரும் ஒரே வானில் கூடுவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானங்களுள் ஒன்றைத் தெரிவு செய்வர். பெரும்பாலோர் நாடுவது வேகமும் சுடுதிறனும் மிகுந்த விமானங்களையே.

பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் தொடக்கத்தில் அவ்வாறே செய்தார். அவர் விரும்பிய ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தின் எஞ்சின் 1,400 குதிரைத்திறனைக் கடந்தது. அதன் வேகமோ மணிக்கு 600 கிலோமீட்டரை மிஞ்சியது. எதிரியைக் கண்டு அவர் கை அசைவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். இளையோரின் விரல்களுக்கு அவரால் ஈடுகொடுக்க இயலவில்லை. வயதின் தளர்ச்சி இங்கும் தம்மைத் தொடர்ந்து வந்துவிட்டதே என்று வருந்தினார்.

அப்போதுதான், அவ்விளையாட்டின் வழிவந்த பிற்கால வெளியீடொன்றில், எவரும் அதிகம் தொடாத ‘யு-2’ விமானத்தை அவர் எடுத்தார். பொலிகார்போவ் என்னும் ரஷ்ய வடிவமைப்பாளர் பயிற்சிக்கென 1920-களின் இறுதியில் உருவாக்கிய இரட்டை அடுக்கு இறக்கை விமானம் அது. மரச்சட்டமும் துணிப் போர்வையுமே அதன் உடல். எஞ்சினின் ஆற்றல் ஏறத்தாழ 100 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர் அளவே. 1944-இல் அவர் மறைந்தபின் அவர் நினைவாக ‘போ-2’ எனப் பெயர் பெற்றது.

இவ்விமானத்தில் உயரமே சேமிப்பு. ஒருமுறை இழந்த உயரத்தை மீட்க நெடுநேரம் ஆகும். சிறிய ஓய்வூதியத்தைக் கொண்டு மாதம் முழுவதையும் நடத்துவோர் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவிடுவது போல, அவரும் ஒவ்வொரு மீட்டரையும் எண்ணிச் செலவிடக் கற்றார். மெதுவாகச் செல்வதிலும் ஒரு நன்மை உண்டு. ஒரே அளவு சாய்ந்து திரும்பும் இரு விமானங்களுள், ஒன்றின் வேகம் மற்றதில் ஐந்தில் ஒரு பங்கானால், அது சுழலும் வட்டத்தின் ஆரம் இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும். ஒருநாள் வேகமான போர் விமானம் ஒன்று அவரைத் துரத்தியது. அது நெருங்கும்வரை பொறுத்திருந்து, மரங்களின் உச்சியை ஒட்டித் திரும்பினார். பகைவிமானம் அவரைக் கடந்து வெகுதூரம் ஓடிற்று. மீண்டும் வந்தது, மீண்டும் தவறிற்று. மூன்றாம் முறைக்குப்பின் அது விலகிச் சென்றது. அவர் எவரையும் வீழ்த்தவில்லை, பத்திரமாகத் தரையிறங்கினார். அன்று அவர் அடைந்த மகிழ்ச்சி முன்னைய வெற்றிகளில் கிட்டாதது.

அவ்விமானத்தின் வரலாற்றை அறிந்தபோது அவர் நெஞ்சம் கனத்தது. மரீனா ரஸ்கோவா திரட்டிய பெண் விமானிகளுள் ஒரு பிரிவினர், 1942 முதல் இவ்விமானத்திலேயே இரவுதோறும் போருக்குச் சென்றனர். யெவ்தோகியா பெர்ஷான்ஸ்காயா அப்பிரிவின் தலைவி. இலக்கை நெருங்கியதும் எஞ்சினின் ஓசையை அடக்கி, காற்றில் சறுக்கிவந்து குண்டுகளை இடுவர். பெரும்பாலும் பாரசூட்டும் இன்றிப் பறந்த அவர்களை ஜெர்மானியர் ‘இரவுச் சூனியக்காரிகள்’ என்றழைத்தனர். போர் முடிவதற்குள் 23,000 முறைக்கும் மேல் அவர்கள் பறந்தனர். ஏறத்தாழ முப்பது பேர் உயிர் துறந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் சோவியத் நாட்டின் வீரர் பட்டம் பெற்றனர்.

பெரியவருக்குத் தோல்வி என்பது மறுபடி தொடங்குவது மட்டுமே. அப்பெண்களுக்கு மறுபடி என்பது இல்லை. வலுவற்ற விமானத்தை அவர்கள் விரும்பித் தெரிவு செய்யவில்லை. கிடைத்ததை முற்றிலும் அறிந்து ஆண்டனர். இதனை உணர்ந்தபின் அவரது விளையாட்டில் ஒரு பணிவு சேர்ந்தது. இன்றும் அவர் வெல்வதைவிடத் தோற்பதே மிகுதி. ஆயினும் இழந்த வேகத்தை எண்ணி வருந்துவதை விட்டுவிட்டார். எஞ்சியிருக்கும் ஆற்றல் எவ்வளவு என்பதை அறிந்து, அதை எங்கே செலவிடுவது என்று தேர்வதே இப்போது அவருக்கு இன்பம். தளர்ந்த கைகளுக்கும் அந்தக் கல்வி எட்டும்.