மிதிவண்டியில் ஒரு வானொலி நிலையம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

பேசுவதற்கு இன்று கருவிக்குப் பஞ்சமில்லை. கூலி வேலைக்குப் போகிறவர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கிறது. அப்படியிருக்க, மிதிவண்டியில் வானொலிக் கருவியைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்கு வருகிறானே, இவனுக்கு என்ன பித்து என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு விடை சொல்லவே இக்கட்டுரை.

இது பாட்டுக் கேட்கும் வானொலி அன்று. கேட்கவும் பேசவும் உதவும் அமெச்சூர் வானொலி. 'ஹாம்' என்பது அதன் செல்லப் பெயர். மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்களே இதில் பேசலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. தொடக்கநிலை உரிமம் பெற்ற என்னைப் போன்றோருக்கு அது 'வி.யு.3' என்று தொடங்கும். இதில் வணிகம் பேசக் கூடாது.

இந்த ஆசை எனக்கு 2023 டிசம்பரில் முளைத்தது. அப்போது நான் பிளஸ் டூ மாணவன். மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியது. எங்கள் தெருவில் கைப்பேசிகள் ஊமையாயின. துறைமுகத்தில் சுமைப்பணிக்குப் போன அப்பா இரண்டு இரவுகள் வீடு திரும்பவில்லை. அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி தம் ஹாம் கருவி வழியே செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார் என்று பின்னர் படித்தேன். கோபுரமும் கம்பியும் இல்லாமல் ஒருவர் குரல் இன்னொருவரை எட்டும் என்ற செய்தி என்னை உறங்க விடவில்லை.

கல்லூரியில் சேர்ந்த பின் உரிமம் பெற்றேன். பெரியவர் ஒருவர் தந்த பழைய கைக்கருவிதான் என் நிலையம். ஆற்றல் 5 வாட். ஒரு சிறு விளக்கின் அளவே. அலைவரிசை 145 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது அரை மீட்டர்க் கம்பி, ஆன்டெனாவாகப் பின் கேரியரில் நிற்கிறது. மிதிவண்டியின் இரும்புச் சட்டமே அதற்கு அடித்தளம். "இன்னாடா இது, போலீஸ்காரரு கையில வெச்சிருக்கறா மாரி?" என்று அம்மா கேட்டார்.

இது புதுமையும் அன்று. அமெரிக்காவில் ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்பவர் 1983இல் தொடங்கி, கணினியும் ஹாம் கருவியும் பூட்டிய மிதிவண்டியில் ஏறத்தாழ 17,000 மைல் சுற்றினார். என் பயணமோ ராயபுரத்திலிருந்து மின்ட், பேசின் பிரிட்ஜ் வழியாக வியாசர்பாடி வரை. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டியபடி பேசுவது உயிருக்கு ஆபத்து. ஆகவே வழியெல்லாம் கேட்பேன். பேசுவது பாலத்து மேட்டில் ஓரமாக நின்ற பிறகே.

பேசின் பிரிட்ஜ் என்றால் பலருக்குச் சென்ட்ரலுக்கு முன் ரயில் காத்துக் கிடக்கும் இடம். கால்வாய் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தும் இடம். எனக்கோ அது நல்ல மேடு. இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், உயரம் கூடினால் தூரமும் கூடும். கீழே 25,000 வோல்ட் ரயில் கம்பியில் பொறி பறந்தாலும் பேச்சு அதிகம் கெடுவதில்லை. அந்த இரைச்சல் அலையின் வீச்சையே பெரிதும் குலைக்கும். எங்கள் பேச்சோ அதிர்வெண் மாற்றத்தில் ஏறிச் செல்கிறது. வகுப்பில் படித்த பண்பேற்றப் பாடம் எனக்கு முழுதாக விளங்கியது அங்கேதான்.

அம்மேட்டிலிருந்து முதன்முதல் அழைத்தபோது பெரம்பூரிலிருந்து ஒரு முதியவர் பதிலளித்தார்: "5, 7. தெளிவாக இருக்கிறீர்கள். சொல்லுங்கள்!"

முதல் எண் தெளிவுக்கு, நிறைவு 5. இரண்டாவது வலிமைக்கு, நிறைவு 9. எந்தத் தெரு, என்ன சாதி, தகப்பனார் என்ன வேலை என்பதற்கு அதில் எண் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் தந்தையார் அலுவலகப் படியேறினாலே குரல் தாழ்ந்துவிடும். சான்றிதழ் வரிசைகளில் அவர் அருகே நின்று பார்த்திருக்கிறேன். அந்தத் தாழ்ந்த குரலே எனக்கும் வாய்த்திருந்தது. அதை ஒரு பெரியவர் 'சொல்லுங்கள்' என்று கேட்டார்.

மாலையில் அப்பாவும் கருவியருகே அமர்வார். உரிமம் இல்லாததால் பேச முடியாது. "நீ பேசுடா, நான் கேக்கறேன்" என்பார்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள். நம் கல்லூரியிலும் ஒரு ஹாம் மன்றம் அமைய வேண்டும். மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா உயர வேண்டும். அடுத்த புயலில் வடசென்னையின் குரல் அடங்கிப் போகாதிருக்க அது உதவும். பேராசிரியர்கள் வழிகாட்டினால், தேர்வுக்குப் படிக்க விரும்புவோரோடு அமர்ந்து படிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.