என்ன பாட்டு கேப்பே?

எங்கள் விடுதியில் ஒருவனுடைய அந்தஸ்தைத் தெரிந்துகொள்ள அவன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. கேசட் அடுக்கைப் பார்த்தால் போதும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மைக்கேல் ஜாக்சன், பிங்க் ஃபிளாய்ட் வைத்திருந்தவர்கள் மேல் வரிசை. அடுத்தது இந்திப் பாட்டு. 1992-ல் 'ரோஜா' வந்ததும் ரஹ்மான் ஒரே தாவலில் மேல் வரிசைக்குப் போய்விட்டார். அவர் கேசட்டை யார் வேண்டுமானாலும் மேசைமேல் வைக்கலாம். தகரப்பெட்டியோடு ஊரிலிருந்து வந்த எங்களிடம் இருந்தவை வேறு. துண்டுச்சீட்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய கேசட்டுகள். 'கரகாட்டக்காரன்' பாட்டு முடிந்தும் நாடா மிச்சமிருந்தால் கடைக்காரரே புண்ணியத்துக்கு ஒரு முருகன் பாட்டைச் சேர்த்திருப்பார். அவை பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

பெயர், ஊர், மார்க் எல்லாம் கேட்டு முடித்த பிறகு சீனியர்கள் கேட்பார்கள், "என்ன பாட்டுடா கேப்பே?" (தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது 1997-ல். நாங்கள் அதற்கு முந்தைய விளைச்சல்.) எங்கள் வராந்தாவில் ஒருவன் காதால் கேட்டே இராத ஓர் ஆங்கிலக் குழுவின் பெயரைச் சொல்லிவிட்டு, "எந்த ஆல்பம்?" என்ற அடுத்த கேள்விக்குச் சுவரைப் பார்த்தான். என் அறைத்தோழன் கம்பம் பக்கத்துக்காரன். "ரேடியோல வர்றதெல்லாம் கேப்பேண்ணே" என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்தான். கேட்டதென்னவோ இளையராஜா மட்டும்தான்.

சீனியர்களை இப்போது முழுக்கவும் குறை சொல்ல முடியவில்லை. ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் என்ற இரண்டு உளவியலாளர்கள், முன்பின் தெரியாத கல்லூரி மாணவர்களை ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகவிட்டு ஆராய்ந்தார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வில், மாணவர்கள் அதிகம் பேசியது இசையைப் பற்றித்தான். ஆளை எடைபோட அது சுருக்கு வழி. எடைபோடப்படுகிறவனுக்கும் அது தெரியும் என்பதில்தான் வலி.

இசையும் மாணவர்களும் என்றாலே எல்லோரும் இழுத்துவருவது மொஸார்ட்டை. 1993-ல் கலிஃபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிடம் மொஸார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைப் போட்டுக்காட்டிச் சோதித்தார்கள். வடிவங்களை மனதுக்குள் மடித்துப் பார்க்கும் திறமை கொஞ்சம் கூடியது; கால் மணி நேரத்துக்குள் பழையபடி ஆகிவிட்டது. அவ்வளவுதான் சமாசாரம். 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத் தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்கு அது ஊதிப்போனது. பிடித்த இசை எதுவானாலும் மனம் கொஞ்சம் உற்சாகமாகும், அந்த உற்சாகத்தின் பலன்தான் அது என்று பிறகு வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

அதே 1993-ல்தான் எங்கள் விடுதியின் செய்தித்தாள் மேசைக்கு இன்னொரு சேதி வந்தது. லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்க இளையராஜா சிம்பொனி எழுதியிருக்கிறார். அறைத்தோழன் அந்தத் துண்டை வெட்டி (மெஸ் செக்ரட்டரியிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான்) அலமாரிக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டினான். உள்பக்கம் அல்ல, வெளிப்பக்கம். "ராஜா பொறந்த பண்ணைப்புரம் எங்க ஊருக்குப் பக்கத்துல" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னான். அப்போது அது மதுரை மாவட்டம். தேனி தனியாகப் பிரிந்தது 1996-ல். அதன்பிறகு அவன் கேசட்டுகள் மேசைக்கு வந்தன. வகுப்பில் புரியாததை எழுந்து தமிழிலேயே கேட்கத் தொடங்கினான். அரியர் என்னவோ அப்படியேதான் இருந்தது. பாட்டு அதையெல்லாம் பாஸ் பண்ணித் தராது.

இவ்வளவுக்கும் அவன் அந்தச் சிம்பொனியைக் கேட்கவில்லை. அது வெளிவரவே இல்லை. ஒலிக்காத இசை ஒருவனை நிமிர்த்தியது என்றால், காதுக்கும் தன்மதிப்புக்கும் நேர்க்கோடு போடுவது எப்படி?

அதே இசை தலைகீழாக வேலை செய்ததையும் பார்த்திருக்கிறேன். விளக்கணைத்த பிறகு காதல் தோல்விப் பாட்டாகப் போட்டுக் கேட்கிற கூட்டம் ஒன்று இருந்தது. முதல் பாட்டில் ஆறுதல் கிடைக்கும். ஐந்தாவது பாட்டில் 'நமக்கெல்லாம் அவ்வளவுதான்' என்ற இடத்துக்கு வந்து படுத்துவிடுவார்கள். நாலு பேர் சேர்ந்து கூடவே கத்திப் பாடினால் மட்டும் அதே சோகப்பாட்டு கச்சேரியாகி, கடைசியில் சிரிப்பில் முடியும்.

அண்மையில் எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தி ஆய்வுக்காக ஒரு படிவம் கொண்டுவந்தாள். மாரிஸ் ரோசன்பர்க் 1965-ல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோல், பத்தே வாக்கியம். அதன் மேலே அவள் சேர்த்திருந்த கேள்வி, 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இசை கேட்கிறீர்கள்?' மணிக்கணக்கை விடும்மா என்றேன். உண்மையில் கேட்கிற பாட்டை வகுப்பு நடுவில் சொல்வாயா என்று கேள். சிரித்தாள். ஸ்பாட்டிஃபையில் 'பிரைவேட் செஷன்' என்று ஒன்று இருக்கிறதாம். கானா கேட்கும்போது அதைப் போட்டுக்கொள்கிற பையன்கள் உண்டு சார் என்றாள். தகரப்பெட்டிக்கு இப்போது பெயர் மாறியிருக்கிறது.

2018 ஜனவரியில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் முன்னெடுத்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு சென்னையில் முதல் கச்சேரி செய்து, கானாவையும் பறையையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றியதை இதனால்தான் பெரிய காரியமாக நினைக்கிறேன். ஒளித்துக் கேட்டதைப் பெருங்கூட்டத்தின் நடுவில் நின்று கேட்க முடிந்தது. இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றிய இரவு அறைத்தோழன் கூப்பிட்டான். "கேட்டியா மாப்ளே, நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றான். சிம்பொனியைப் பற்றி அன்றைக்கு அவன் எதுவும் சொல்லவில்லை, ஒட்டினான். நான் திருத்தப் போகவில்லை.

கல்ச்சுரல்ஸ் நடுவராக ஆண்டுதோறும் உட்காருகிறேன். வெஸ்டர்ன் மியூசிக்குக்கு மாலை ஆறு மணி, நிறைந்த அரங்கம், நல்ல ஸ்பீக்கர். நாட்டுப்புறப் பாட்டுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், முன்வரிசையில் நடுவர்கள் மட்டும். நிகழ்ச்சி நிரல் போடுகிற தம்பி தங்கைகளே, அடுத்த ஆண்டு ஒருமுறையாவது இந்த இரண்டு நேரத்தையும் மாற்றிப் போடுங்கள்.