பந்தலுக்குள் அளந்த வெயில்

வெயிலை அளக்கிற ஒரு கருவியை நம்பி நான் செஞ்ச தப்பைப் பத்தின த்ரெட் இது. வெயில்ல வேலை பாக்குறவங்க, வேலை வாங்குறவங்க ரெண்டு பேருமே படிங்க.

1/ தூத்துக்குடி பக்கம் ஒரு உப்பளத்தில் மருத்துவ முகாம். மே மாதம். கையடக்க வெப்ப அழுத்தமானியை முகாம் பந்தலுக்குள் ஆன் பண்ணேன். 28 காட்டிச்சு. "பரவால்ல, தண்ணி மட்டும் நிறைய குடிங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

2/ மதியம் ஒரு அண்ணனைத் தூக்கிட்டு வந்தாங்க. பேச்சு குழறுது. எங்க இருக்கோம்னே தெரியல. உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல். ஹீட் ஸ்ட்ரோக். உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி, விசிறி, சூடு இறங்கின பிறகுதான் ஆம்புலன்ஸ்ல ஏத்தினோம். பிழைச்சுட்டார்.

3/ கூட வந்த அக்கா கேட்டாங்க: "நீங்க பந்தலுக்குள்ள நின்னு பாக்கீங்க சார். நாங்க பாத்திக்குள்ளல்லா நிக்கோம்?"

4/ அவங்க சொன்னதுதான் சரி. இந்தக் கருவி காட்டுறது வெறும் காற்றின் வெப்பம் இல்லை. வெட்டவெளியில் அதன் கணக்கு: ஈரத்திரி சுற்றிய வெப்பமானி 70%, வெயிலை வாங்கும் கறுப்பு உருண்டை 20%, காற்றின் வெப்பம் 10%. நிழலில் வெச்சா உருண்டைக்கு வெயிலே தெரியாது.

5/ கருவிக்கும் குறை உண்டு. முறைப்படியான உருண்டை 150 மில்லிமீட்டர். கையடக்கக் கருவியில் ரொம்பச் சின்னது. காற்றில் சீக்கிரம் ஆறி, குறைச்சுக் காட்டும். சிலதில் உருண்டையே கிடையாது. உருண்டை 5 டிகிரி குறைச்சா, மொத்தக் கணக்கில் 1 டிகிரி போச்சு.

6/ ஒரு டிகிரிதானேன்னு நினைக்காதீங்க. ஐஎஸ்ஓ 7243 தரப்படி, வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு நடுத்தர உழைப்பின் வரம்பு 28. கடும் உழைப்புக்கு 26. அதாவது எனக்கு வந்த 28-ஏ உப்பு வாருறவங்களுக்கு அதிகம். அதையும் நான் யோசிக்கல.

7/ சாயங்காலம் இல்லை, அன்னிக்கு மதியமே பாத்தி வரப்பில் ஸ்டாண்ட் போட்டு, கையில் பிடிக்காம, 20 நிமிஷம் விட்டுப் பார்த்தேன். 32.

8/ வேலை நடக்கிற இடத்தில் அளங்க. வரம்பை ஒட்டி வந்தாலே வேலையைக் குறைச்சு, நிழலும் ஓய்வும் கொடுங்க. கருவி என்ன காட்டினாலும் சரி, ஒருத்தர் தள்ளாடினா, உளறினா, உடனே உடம்பைக் குளிர வைங்க, 108-ஐக் கூப்பிடுங்க. நினைவு தப்பினவங்க வாயில் தண்ணி ஊத்தாதீங்க.

இப்பல்லாம் முகாமுக்குப் போனா, முதல்ல பாத்திக்குள்ள இறங்கிட்டுத்தான் பந்தலுக்கு வர்றேன்.