நிற்கத் தெரிந்த இணைப்பு

கணினியில் மெயில் புரோகிராமை அமைத்துக் கொடுத்துவிட்டு எழுந்தால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மெயில் வருதுல்ல?" வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. வரக்கூடாத நேரத்தில் அது வராமல் நிற்கிறதா என்று பார்க்கிறேன். எதிரே இருக்கும் சர்வர் தான் யார் என்று நிரூபிக்க முடியாதபோது, போகும் வழி மறையாக்கம் இல்லாமல் திறந்து கிடக்கும்போது, புரோகிராம் பாஸ்வேர்டை வெளியே விடாமல் பிடிவாதமாக மறுக்க வேண்டும். அந்தப் பிடிவாதத்தை ஒவ்வொரு கணினியிலும் ஊன்றிவிட்டு வருவதைத்தான் என் தொழிலாக நினைக்கிறேன்.

என் இருப்பிடம் மதுரை பழங்காநத்தம். தென்மாவட்டப் பேருந்துகள் ஒருகாலத்தில் வந்து நின்ற பகுதி. இங்கிருந்து டிபிகே ரோடு, ஆண்டாள்புரம், வசந்த நகர், டிவிஎஸ் நகர், ஜெய்ஹிந்துபுரம் எல்லாமே வண்டியை எடுத்தால் கொஞ்ச நேரம்தான். ஆடிட்டர் அலுவலகங்கள், மருந்து மொத்த வியாபாரிகள், லாரி டிரான்ஸ்போர்ட், வெளியூருக்குத் துணி அனுப்புகிறவர்கள் என்று எனக்கு வேலை தருகிறவர்கள் பலவகை. போனிலேயே மெயில் பார்க்கிற காலத்தில் கணினிக்கென்று தனியாக ஒரு புரோகிராம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் ஜூலை கடைசி வாரத்தில் ஏதாவது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூன்று நான்கு மெயில் கணக்குகள் ஒரே ஜன்னலில் திறந்திருக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்சிக்காரர் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட்டை நெட் போன நேரத்திலும் தேடி எடுப்பார்கள். அந்த வசதியை பிரவுசர் அவ்வளவு எளிதாகத் தருவதில்லை.

பொதுமக்களுக்கு இணையம் என்று இந்தியாவில் விஎஸ்என்எல் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15. அன்றும் அதற்குப் பிறகு பல வருடங்களும் மெயில் புரோகிராம் சர்வரோடு பேசியது 110 என்ற போர்ட்டில், திறந்த வெளியில். யூசர் பெயர், பாஸ்வேர்டு, கடிதம் எல்லாம் எழுதியது எழுதியபடியே கம்பியில் போகும். நடுவில் ஒட்டுக்கேட்கத் தெரிந்தவன் படித்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில்தான் நம் மேலூர் வட்டாரத்தில், 2001 வாக்கில், ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொடர்பை வைத்துக் கிராமத்துக் கியோஸ்க்குகள் வந்தன. கண்ணில் கோளாறு உள்ளவரின் கண்ணைப் படம் எடுத்து, மெயிலில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி, மருத்துவரின் யோசனையைக் கேட்டு வாங்கினார்கள். பஸ் ஏறி வந்து காத்திருக்க வேண்டிய வேலையை ஒரு மெயில் செய்தது. மெயிலை நான் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணம். ஒருவருடைய கண்ணின் படம் போகிற வழி அது.

இன்று அந்த வழியை மூடி எடுத்துப்போக இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று, தொட்ட முதல் நொடியிலிருந்தே மறையாக்கம். மெயிலைப் பெறும் ஐமேப் முறைக்கு 993-ஆம் போர்ட், அனுப்புவதற்கு 465. நான் அதிகம் அமைக்கும் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமில் இதை எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று எழுதியிருப்பார்கள். இன்னொன்று ஸ்டார்ட்டிஎல்எஸ், ஐமேப்புக்கு 143, அனுப்புவதற்கு 587. இது திறந்த பேச்சாகத் தொடங்கி, "இனி மூடிக்கொண்டு பேசலாமா?" என்று கேட்டு, சர்வர் சரி என்றதும் மறையாக்கத்துக்கு மாறும். அந்த மாறும் கணத்தில்தான் எனக்குக் கவலை. நடுவில் இருப்பவன் அந்தக் கேள்வியையோ பதிலையோ அழித்துவிட்டால், கண்டிப்பில்லாத புரோகிராம் அப்படியே திறந்த பேச்சில் தொடர்ந்து பாஸ்வேர்டைக் கொடுத்துவிடும். பழைய தண்டர்பேர்டில் "டிஎல்எஸ் இருந்தால் பயன்படுத்து" என்றே ஒரு தேர்வு இருந்தது. பார்க்க சமத்தாக இருக்கும். எந்தக் காவலும் கிடையாது. பிற்பாடு அதை எடுத்துவிட்டார்கள், நல்லது.

கண்டிப்பாக அமைத்தாலும் ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸில் ஓட்டைகள் இருந்தன. 2021-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் பல மெயில் புரோகிராம்களையும் சர்வர்களையும் சோதித்து, அந்த மாறும் கணத்தைச் சுற்றி மட்டும் 40-க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டு வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 2018 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் தன் 8314-ஆம் எண் ஆவணத்தில் முதல் நொடி மறையாக்கத்தையே பரிந்துரைத்திருந்தது. இடையில் கைவிடப்பட்டுக் கிடந்த 465-க்கு அந்த ஆவணம்தான் மறுவாழ்வு கொடுத்தது. "465 பழசு, 587தான் புதுசு" என்று இன்னும் பலர் சொல்லித் தருகிறார்கள். நான் 993, 465 இரண்டையும்தான் முதலில் போட்டுப் பார்ப்பேன். சர்வரில் 465 திறக்கவில்லை என்றால் மட்டும் 587-க்குப் போவேன், அதுவும் ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டாயம் என்ற அமைப்போடு.

போர்ட் எண்ணைப் போடுவது ஒரு நிமிட வேலை. சர்வர் தான் யார் என்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ்தான் விஷயம்.

சிறிய நிறுவனங்கள் சொந்த டொமைன் வாங்கி, ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கானவர்கள் குடியிருக்கும் மலிவான ஹோஸ்டிங்கில் மெயில் வைத்திருப்பார்கள். புரோகிராமில் சர்வர் பெயராக, முன்னால் மெயில் என்று சேர்த்துத் தங்கள் டொமைன் பெயரைப் போட்டிருப்பார்கள். அந்த சர்வர் காட்டும் சான்றிதழிலோ ஹோஸ்டிங் கம்பெனி வைத்த சர்வர் பெயர் இருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று தண்டர்பேர்ட் எச்சரிக்கைப் பெட்டியைத் திறக்கும். கீழே விலக்கை உறுதிசெய் என்ற பொத்தான். அதன் மேலே, இந்த விலக்கை நிரந்தரமாக வைத்துக்கொள் என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டே இருக்கும். அமுக்கினால் மெயில் வந்துவிடும்.

வசந்த நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அக்கா அந்தப் பெட்டி வந்ததும் மவுஸை நேராகப் பொத்தானுக்குக் கொண்டுபோனார்.

"அக்கா, அதை அமுக்கிறாதீங்க."

"இது எப்பவும் வர்றதுதான் தம்பி. மூணு மாசத்துக்கு ஒருக்கா வரும், அமுக்குனா சரியாப் போயிரும்."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று அவர் சொன்னது ஏறக்குறைய சரி. இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழுக்கு வழக்கமாக ஆயுள் 90 நாள். சர்வரில் சான்றிதழ் புதுப்பிக்கப்படும்போதெல்லாம், பழைய சான்றிதழுக்குக் கொடுத்த விலக்கு செல்லாமல் போய் எச்சரிக்கை மறுபடி வரும். ஆபத்து அந்தப் பெயர்ப் பொருத்தமின்மையில் இல்லை. கை பழகிப்போவதில் இருக்கிறது. நாளைக்கு உண்மையிலேயே ஒருவன் நடுவில் புகுந்து தன் சான்றிதழைக் காட்டினாலும் இதே பெட்டிதான் வரும், இதே பொத்தான்தான் இருக்கும். மறையாக்கம் அப்போதும் நடக்கும். யாரிடம் ரகசியம் பேசுகிறோம் என்பது மட்டும் தெரியாது.

அந்த அக்காவுக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் ஆகவில்லை. மேஜை இழுப்பறையில் கட்சிக்காரர்களின் டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையெழுத்து, டோக்கன்கள் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தன. "ஒருத்தரோட டிஎஸ்சியை வச்சு இன்னொருத்தர் ரிட்டர்னுக்குக் கையெழுத்துப் போட்டா விடுமாக்கா?" என்றேன். "பேன் நம்பர் பொருந்தலைன்னு தூக்கி எறிஞ்சிரும்" என்றார். சர்வருக்கும் அப்படி ஒரு டிஎஸ்சி உண்டு, அதில் இருக்கும் பெயரைத்தான் நம் புரோகிராம் சரிபார்க்கிறது என்றதும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிறகு சான்றிதழைத் திறந்து, அது எந்தெந்தப் பெயர்களுக்குச் செல்லும் என்ற பட்டியலை இருவரும் சேர்ந்து படித்தோம். அங்கே இருந்த சர்வரின் சொந்தப் பெயரை, அது ஹோஸ்டிங் கம்பெனி தந்த விவரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டு, அமைப்பில் போட்டேன். பழைய விலக்கையும் நீக்கினேன். எச்சரிக்கை இல்லாமல் இணைந்தது. நிறுவனத்தின் டொமைன் பெயரையும் சேர்த்துச் சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லி ஹோஸ்டிங் கம்பெனியைக் கேட்பது இன்னும் நல்ல வழி.

எல்லா எச்சரிக்கையும் சர்வர் பக்கத்துக் கோளாறு அல்ல. பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று மேலே எழுதியிருக்கும். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் கணினி தேதியை மறந்துவிடும். காலையில் போட்டதும் வலது மூலையில் ஏதோ பழைய வருடத்து ஜனவரி 1 என்று நிற்கும். அன்றைக்கு எந்தச் சான்றிதழைக் காட்டினாலும், இன்னும் செல்லுபடியாகவே தொடங்கவில்லை என்றுதான் புரோகிராம் சொல்லும், அதன் கணக்குப்படி சரியாகவும் சொல்லும். மெயில் சர்வரை மாற்றிப் பார்த்து, புரோகிராமை அழித்து மறுபடி போட்டு, பாஸ்வேர்டையும் மாற்றிக் களைத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் எந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தாலும் என் கண் முதலில் அந்த மூலைக்குப் போகும். புதுப் பேட்டரி டவுன்ஹால் ரோட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

இயங்குதளம் பழசாக இருந்தாலும் தகராறுதான். மறையாக்க முறையான டிஎல்எஸ்ஸின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டுக்கும் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாக ஓய்வுகொடுத்துவிட்டார்கள். நல்ல சர்வர்கள் 1.2-க்குக் குறைந்து பேசுவதில்லை. விண்டோஸ் 7-இல் அவுட்லுக் வைத்திருப்பவர்கள், அதே கணினியில் தண்டர்பேர்ட் இணைகிறது, அவுட்லுக் இணையவில்லை என்று குழம்புவார்கள். தண்டர்பேர்ட் மறையாக்க வேலையைத் தன் கைவசமே வைத்திருக்கிறது. அவுட்லுக் விண்டோஸை நம்பியிருக்கிறது. விண்டோஸ் 7-இல் 1.2 இருந்தும் வழக்கமாக அணைந்தே கிடக்கும். அதை எழுப்ப வழி உண்டு. ஆனாலும் 2020 ஜனவரி 14-க்குப் பிறகு விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன என்பதால், கணினியை மாற்றச் சொல்லித்தான் நான் வற்புறுத்துகிறேன்.

சரியான பாஸ்வேர்டைப் போட்டும் தவறு என்கிறது என்று வரும் அழைப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம். கூகுள் 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், வெறும் பாஸ்வேர்டை நீட்டும் புரோகிராம்களை ஏற்பதை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக்.காம் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16-இல் அதையே செய்தது. இப்போது தண்டர்பேர்டில் ஓஆத்2 என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் கூகுளின் நுழைவுப் பக்கமே ஒரு ஜன்னலில் திறக்கும். அங்கே அடையாளம் காட்டியதும் புரோகிராமுக்கு ஒரு டோக்கன் கிடைக்கும், அதை வைத்துத்தான் அன்றாடம் இணையும். அந்த முறை தெரியாத பழைய அவுட்லுக்கில் ஜிமெயில் வேண்டுமென்றால், இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் மேஜையிலிருந்து சர்வர் வரையிலான காவல் மட்டுமே. மேஜையில் காவல் இல்லாவிட்டால் இதனால் பயன் குறைவு. நாலு பேர் மாறி மாறி உட்காரும் கணினியில், தண்டர்பேர்டின் அமைப்புகளுக்குள் போய்ச் சேமித்த பாஸ்வேர்டுகளைக் காட்டு என்றால் அத்தனையும் எழுத்தாகத் தெரியும். முதன்மைப் பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டுவைத்தால்தான் கேட்காமல் காட்டாது. ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது. மெயில் பெட்டிக்குள் சத்தமில்லாமல் நுழைந்தவன் வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருந்துவிட்டு, சரியான இன்வாய்ஸ் போகும் நாளில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. சரக்கு அனுப்புகிறவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்கிறேன். கணக்கு எண் மாறினால் தெரிந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்காமல் பணம் போடக்கூடாது என்று அவர்களின் வாடிக்கையாளர்களுக்கும் முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சோதனை மெயிலை என் முகவரிக்கு அனுப்பச் சொல்லி, வந்ததும் கன்ட்ரோல்-யூ அமுக்கி அதன் மூலத்தைத் திறப்பேன். மேலே ரிசீவ்டு என்று தொடங்கும் வரிகள் பல இருக்கும். ஒவ்வொன்றும் கடிதம் கைமாறிய ஓர் இடம். எல்லாவற்றுக்கும் கீழே உள்ளது பெரும்பாலும் இந்தக் கணினி தன் சர்வரிடம் கடிதத்தை ஒப்படைத்த வரி. அதில் ஈஎஸ்எம்டிபி என்பதோடு எஸ், ஏ என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தால், மறையாக்கமும் நடந்தது, அனுப்பியவர் தன்னை நிரூபித்துக்கொண்டும்தான் அனுப்பினார் என்று அர்த்தம். பல சர்வர்கள் பக்கத்திலேயே டிஎல்எஸ் எத்தனையாவது பதிப்பு என்றும் எழுதிவிடும். திரையில் பச்சையாக ஏதோ எரிகிறது என்பதைவிட இந்த ஒரு வரியைத்தான் நான் நம்புகிறேன். அதை வேலை கொடுத்தவருக்கும் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

பிறகு ஒரு தாளில் சர்வர் பெயர், போர்ட், இணைப்பு முறை மூன்றையும் எழுதிக் கொடுப்பேன். பாஸ்வேர்டை எழுதமாட்டேன். ஆப் பாஸ்வேர்டு வாங்கியிருந்தால் கணினிக்கு ஒன்றாக வாங்கி, எது எந்த மேஜைக்கு என்று கூகுள் கணக்கிலேயே பெயர் போட்டுவைப்பேன். ஒரு கணினியை விற்கும்போதோ, ஒருவர் வேலையை விட்டுப் போகும்போதோ அந்த ஒன்றை மட்டும் நீக்கினால் போதும். மற்ற மேஜைகளில் யாருடைய மெயிலும் நிற்காது.